கடைசித் தாளில் பென்சில் எழுத்து

தியானப் பகுதி: சங்கீதம் 77

கச்சிராயபாளையத்தை ஒட்டிய கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி. கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் அதற்கு வரத்து. மலைக்கு மேல் பொட்டு மேகம் இல்லாத நாளிலும் வாய்க்காலில் தண்ணீர் வரும். வயலில் பாய்வது அன்றைய மழையா? ஐப்பசியில் எப்போதோ பெய்து ஓய்ந்த மழை.

இந்தச் சங்கீதத்தைப் பாடிய ஆசாப் பழைய மழையைத்தான் திறந்துவிடுகிறார். லேசில் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. தூக்கம் போயிற்று. ஆறுதலை மனம் ஏற்கவில்லை. தேவன் இரக்கம் காட்டவே மறந்துவிட்டாரோ என்று கேட்டும்விட்டார். நம் ஜெபக்கூட்டத்தில் யாராவது இப்படிக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார்! அதற்குப் பிறகுதான் அந்நாளில் இஸ்ரவேலருக்குக் கடல் வழிவிட்டதை நினைக்கிறார். அதிலும் ஒன்று சொல்கிறார் பாருங்கள்: தண்ணீருக்குள் தேவன் நடத்திப் போனபோது அவருடைய அடிச்சுவடு யார் கண்ணிலும் படவில்லையாம். நடக்கும்போது தெரியாதது கரையேறித் திரும்பிப் பார்க்கும்போது தெரிந்திருக்கிறது. 20 வசனத்தில் சங்கீதம் முடிந்துவிடுகிறது. ஆசாபின் அன்றைய கஷ்டம் தீர்ந்ததா என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் பலிகொண்டது. கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு. அந்த வாசலில் நின்று, "கர்த்தர் செய்த நன்மைகளை நினைத்துக்கொள்" என்று நாம் சொல்வதற்கில்லை. நினைப்பதை அவரவர்தான் தொடங்க வேண்டும், அவரவருக்கு முடிகிறபோது. நாம் கூட உட்காரலாம்.

என் அம்மா அஞ்சாம் வகுப்போடு நின்றவர். அவருடைய வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலில் கோணல்மாணலாகச் சில வரிகள். 'பெரியவனுக்கு அம்மை இறங்கியது.' 'கரும்புப் பணம் வந்தது.' 'கிணற்றில் ஊற்று கண்டது.' ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. ராத்திரி ஜெபத்தில் அவற்றை வாய்விட்டு வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் புதிதாக எதையும் கேட்பார்.

கடைசி வரி, 'தம்பி குடியை விடணும்.' எதிரே தேதி இல்லை. அங்கே வந்ததும் பென்சிலைக் கையில் எடுப்பார், கூர் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார், மறுபடி தாளுக்கு நடுவில் வைத்து மூடிவிடுவார்.