இணையவழித் தியானப் பயிற்சியும் உபாசகர் கடமையும்

  

பெங்களூரு ஜீவனஹள்ளியில் நாம் குடியிருக்கும் சந்திலே மாலை ஏழு மணியானால் சில வீடுகளில் தொலைக்காட்சி ஓய்கிறது. அரிசி டப்பாவின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் எதிரே பாய் விரித்து நாலைந்து பேர் அமர்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்து விகாரைகளின் கதவு அடைபட்ட காலத்தில், பிக்குகளும் இல்லற ஆசிரியர்களும் இணையவழியே தியானம் கற்பிக்கத் தலைப்பட்டார்கள். ஊரடங்கு நீங்கியும் அவ்வகுப்புகள் நின்றபாடில்லை. அவற்றுட் பலவற்றிற்குக் கட்டணம் இல்லை. இது நமக்கு நன்மையா, தீமையா என்று கேட்போருக்கு நாம் அறிந்தவரை விடை கூறுகிறோம்.

முதலில் ஓர் ஆட்சேபம். நம்மவருள் மூத்தோர் சிலர், “நாம் பௌத்தம் தழுவியது சாதி இழிவை உதறுவதற்கன்றோ? மூக்கு நுனியைப் பார்த்து உட்காருவதற்கா?” என்று வினவுகின்றனர். நியாயமான கேள்வியே. 1898இல் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நாட்டியதும், 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம்மம் ஏற்றதும் கண்ணை மூடிக்கொண்டு உலகை மறப்பதற்கல்ல. ஆனால் அவர்கள் நமக்குக் காட்டிய வழி எட்டு அங்கங்களை உடையது. அதில் சம்மா சதி ஏழாவது, சம்மா சமாதி எட்டாவது. இவ்விரண்டையும் வெட்டியெறிய நமக்கு உரிமை தந்தவர் யார்? அவமதிப்பவன் எதிரே நாக்குழறி நின்ற நாட்களையும், நிதானமாய்ச் சட்டம் பேசிய நாட்களையும் நாம் இரண்டையும் கண்டிருக்கிறோம். உரிமைக்குப் போராடுபவனுக்கும் அடங்கிய மனம் வேண்டும்.

இனிக் கட்டணம் இன்மையைப் பற்றி. இலவசமாய்க் கிடைப்பது மட்டமானது என்று எண்ணுவோர் உளர். பகவன் முதுமையில் பேளுவ கிராமத்தில் நோயுற்றுத் தேறியபின் ஆனந்தரிடம் கூறியதை அவர்கள் நினைவு கூர்வாராக. உள், புறம் என்ற பேதமின்றித் தாம் தம்மத்தைப் போதித்ததாகவும், மறைத்து மூடிய ஆசிரியனின் கைப்பிடி தம்மிடம் இல்லையென்றும் அவர் தெரிவித்தார். நம் முன்னோருக்கு எழுத்தையே மூடி வைத்த நாட்டில் இது சிறிய செய்தியன்று.

பர்மா தேசத்தில் லெடி சயாடோ (1846–1923) இல்லறத்தாருக்கும் தியானத்தைத் திறந்துவிட்டார். அவ்வழி வந்த சாயா தெட்ஜி ஓர் உழவர். அவரிடம் பயின்ற ஊ பா கின் அரசாங்கக் கணக்கு அதிகாரி. அவரிடம் கற்ற கோயங்கா 1969இல் இந்தியாவிற்கு வந்து பத்து நாள் விபசனா முகாம்களைத் தொடங்கினார். அவர் 2013இல் மறைந்த பின்னும் அம்முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. முன்னர்ப் பயின்றோர் அளிக்கும் தானத்தாலேயே நடக்கின்றன. பெங்களூருக்கு அருகில் தம்ம பபுல்லா என்னும் மையம் உண்டு. ஆனால் அங்கே பத்து நாளும் மௌனமாய்த் தங்கியாக வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் என் செய்வர்? அவர்களுக்கே இணைய வகுப்பு உதவுகிறது.

வேலைக்கிடையே தியானமா என்பீர்களாயின், ஆளவி நகரத்து நெசவாளியின் மகளைக் கேளுங்கள். பகவன் அந்நகரில் மரண சிந்தனையைப் பற்றி உபதேசித்தபோது கேட்டவர் பலர். கடைப்பிடித்தவள் பதினாறு வயதினளான அவள் ஒருத்தியே. மூன்றாண்டு கழித்து அவர் மீண்டும் வந்தார். அன்று தந்தை தார் சுற்றி வரச் சொல்லியிருந்தான். அவள் தாரைச் சுற்றி முடித்துக் கூடையில் இட்டுக்கொண்டு தறிக்குப் போகும் வழியில் சபையோரத்தில் நின்றாள். அதுவரை பகவன் வாய் திறவாது காத்திருந்தார்! நாம் இருபத்திரண்டு ஆண்டு தறிக்கூடத்தில் கழித்தவராதலின் இவ்விடத்தைப் படிக்குந்தோறும் ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்திருப்போம். வேலையை முடித்துவிட்டு வா என்று அவளை அவர் கடிந்துகொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை.

நாம் முதன்முதல் அமர்ந்த வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மகள் பெயர்த்துச் சொன்னாள். மூச்சைக் கவனி என்றதை நாம் மூச்சை அடக்கு என்று கொண்டு, அரை மணி நேரம் இழுத்துப் பிடித்துத் தலைவலியோடு எழுந்தோம். ஆனாபான சதியில் மூச்சை ஆளுவது இல்லை. நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகியதைக் குறுகியதென்றும் அறிவதே தொடக்கம். மனம் ஓடிவிட்டால்? பாவில் இழை அறுந்தால் தறி நிற்கும். முடிச்சிட்டு மறுபடி ஓட்டுவோம். அறுந்த இழையைத் திட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளி எவனுமில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை அறுந்தாலும் முடிச்சுப் போடுவதே வேலை.

இனி நாம் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும்.

நம் சந்திலே கணவனை இழந்த உபாசிகை ஒருவர். மனச்சோர்வுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை உண்டு வந்தார். மூச்சே மனத்திற்கு மருந்து என்று ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு, “ஐயா, இனி மாத்திரை வேண்டாமல்லவா?” என்று நம்மை வினவியிருக்கிறார். தறியோசையில் பழுதான செவி. வாசலில் இரயில் ஓசை வேறு. கேள்வி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையசைத்துவிட்டோம். ஒன்பதாம் நாள் இரவு அவர் மகன் ஓடிவந்து கதவைத் தட்டினான். அம்மா மூன்று நாளாய்ப் படுக்கவில்லை, உண்ணவில்லை என்றான். அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோனோம். மீண்டும் மாத்திரை தொடங்கி, இரண்டு மாதம் சென்றபின் அவர் தேறினார். கைபேசியில் கற்பித்த ஆசிரியர் அவர் முகத்தைக் கூட அறியார். அருகில் இருந்து அறிந்த நாமோ தலையசைத்தோம்.

ஆகையால் பெருமக்களே, பிக்குவுக்கும் பகவன் அனுமதித்த நான்கு பொருட்கள் உடை, உணவு, உறையுள், மருந்து என்பதை மறவாதீர். மருந்தைத் துறக்கச் சொல்லும் தியானம் தம்மமன்று. உறக்கம் கெட்டாலோ, அச்சம் மிகுந்தாலோ அமர்வதை நிறுத்தி மருத்துவரிடம் செல்க. நம் நகரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. வகுப்பைத் தனியே பாராது இருவர் மூவராய்ப் பாருங்கள். வகுப்பு முடியும்வரை கைபேசியில் வேறெதையும் திறவாதீர். தியானத்திற்கென எடுத்த கருவி திருமணப் படங்களில் கொண்டுபோய் விடுவதை நம் வீட்டிலேயே கண்டோம். இன்று ஓராசிரியர், நாளை வேறொருவர் என அலையாது, ஒரு முறையை மூன்று மாதமாவது பயின்று பாருங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் கைபேசியின்றி அரை மணி அமர்கிறோம். அவ்வுபாசிகையும் வருகிறார். அவர் கேள்விகளை இப்போது தாளில் பெரிய எழுத்தில் எழுதியே தருகிறார். மற்றையோர் நம் வலப்புறம் அமர்ந்து கேட்க வேண்டுகிறோம். இடச்செவி தறிக்கூடத்திலேயே நின்றுவிட்டது.