பேணுவாரைப் பேணுதல்

பெற்றோரைப் பேணுவது மக்களின் கடமை என்பதில் தமிழரிடையே கருத்து வேற்றுமை இல்லை. பள்ளி மாணவர் எழுதும் கட்டுரை முதல் திருமண மேடையில் நிகழும் வாழ்த்துரை வரையில் நாம் ஓயாமல் எடுத்துரைக்கும் அறம் அது. ஆயினும், அந்தக் கடமையைச் செய்துகொண்டிருக்கும் ஒருவர் நாள்தோறும் தேய்ந்துகொண்டே போவாராயின், அவர்பால் மற்றவர்க்குள்ள கடமை யாது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். தம்மைத்தாம் காத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? அது தன்னலம் ஆகுமா? மறதி நோய்க்கு ஆளான முதியோரை இல்லத்தில் வைத்துக் காத்துவரும் மகளையும் மருமகளையும், மனைவியையும் கணவனையும் மனத்தில் நிறுத்தி இவ்வினாவை ஆராய்வோம்.

மறதி நோய் என்பது முதுமைக்கு இயல்பான மறதி அன்று. மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமை. கண்ணாடி எதற்கு என்பதையே மறப்பது நோய். 1906ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர், தாம் கவனித்துவந்த ஒரு பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையிற் கண்ட மாறுதல்களை மருத்துவர் அவையில் விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் நோயே மறதி நோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது. நம் முன்னோர் இதனைப் 'புத்தி தடுமாற்றம்' என்றனர். மலாய்க்காரர் 'ஞாஞுக்' என்றனர். நோயென்று அறியாமல் மூப்பென்றே எண்ணியதால், அதனைத் தாங்கி நின்றவரின் துன்பமும் கண்ணிற்படாமற் போயிற்று.

அத்துன்பம் ஏதோ சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் முதியோர் தொகை பெருகியமையால் நோயுற்றோரின் எண்ணிக்கை கூடியே உள்ளது. மலேசியாவில் 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு 8.5 விழுக்காடு என்று கணித்தது. இவர்களுள் பெரும்பாலோர் வாழ்வது மருத்துவமனையில் அன்று. நம் அண்டை வீடுகளில்.

தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். இன்று அவர் மகளுடன் அடுக்குமாடி வீடொன்றின் பத்தாம் மாடியில் இருக்கின்றார். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, "பிரட்டுக்கு நேரமாயிற்று, வாளி எங்கே?" என்று கதவைத் தட்டுகின்றார். மகள் எழுந்து, இன்று வேலையில்லை என்று சொல்லிப் படுக்க வைக்கின்றாள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் அதே கேள்வி. பகலில் அடுப்பை மூட்டிவிட்டு அகன்றுவிடுகின்றார். உண்ட சிறிது நேரத்தில், தமக்குச் சோறிடவில்லை என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகின்றார். தம் சங்கிலியைத் திருடியவள் இவளே என்று மகளைச் சுட்டுகின்றார். ஒருநாள் மகளை 'அக்கா' என்று அழைக்கின்றார். பெற்ற மகளென்பது நினைவில் இல்லை.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்சு ஆகிய இருவர் இத்தகைய குடும்பங்களுக்காக ஒரு நூல் எழுதினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர், முப்பத்தாறு மணி நேர நாள் என்று பொருள்படுவது. இம்மகளின் நாளும் அத்தகையதே.

ஏனைய நோய்களினின்றும் இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. காலொடிந்த தந்தைக்குப் பணிவிடை செய்யும் மகனுக்குத் தந்தையின் கண்ணில் தோன்றும் கனிவே கூலியாக அமைகிறது. மறதி நோயிலோ அந்தக் கூலி கிடைப்பதில்லை. சில நாள்களில் வசையே கிடைக்கிறது. பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், ஆள் முன்னிருக்க உள்ளம் மட்டும் விலகிப்போகும் இத்தகைய பிரிவைத் தெளிவற்ற இழப்பு என்னும் கருத்தால் விளக்கினார். இறந்தார்க்கு நாம் அழுகின்றோம், உறவினர் கூடுகின்றனர், பதினாறாம் நாளில் துயருக்கு ஒரு வரம்பு கட்டுகின்றோம். உயிரோடிருக்கும் தாயைச் சிறிது சிறிதாக இழப்பவளுக்கு அத்தகைய சடங்கு இல்லை. அவள் அழுதால், "அம்மாதான் இருக்கின்றாரே, ஏன் அழுகின்றாய்?" என்பர்.

இனி, தடைகளை நோக்குவோம். "உண்மையான அன்பு இருந்தால் சுமை தெரியாது" என்பது முதலாவது தடை. கேட்பதற்கு இனிமையான இக்கூற்று மெய்யன்று. அன்பு சுமையைச் சுமக்கும் உறுதியைத் தரும்; உறக்கத்தின் தேவையை நீக்காது. மூன்று இரவுகள் உறங்காத உடல், அன்புடையார்க்கும் அன்பிலார்க்கும் ஒரே வகையாகத்தான் தளரும். மேலும், இக்கூற்று நம்பப்படும்போது, களைத்துப்போன மகள் தன் களைப்பையே தன் அன்பின் குறைவுக்குச் சான்றாகக் கொள்கின்றாள். "எனக்கு இயலவில்லை" என்று சொல்ல நாணுகின்றாள். இவ்வாறு உடல் தளர்ச்சியோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது.

"தன்னைப் பற்றி எண்ணுவது தன்னலம், பிறர்க்காகத் தேய்வதே அறம்" என்பது இரண்டாவது தடை. இதற்கு விடை நம் வள்ளுவரிடமே உண்டு. இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐந்து இடங்களை அவர் கூறுகின்றார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என நான்கினைக் கூறியபின், ஐந்தாவதாக அவனையே வைக்கின்றார். பரிமேலழகர் இதற்குக் காரணமும் காட்டினார். அறங்கள் அனைத்தையும் ஒருவன் தான் உளனாய் நின்றே செய்யவேண்டியிருத்தலின், தன்னை ஓம்புதலும் அறமாயிற்று என்பது அவர் கருத்து. தன்னை ஓம்புதல் அறத்துக்குத் தரப்பட்ட விதிவிலக்கு அன்று. அறங்களுள் அதுவும் ஒன்று. வரிசையில் இறுதியாக நின்றாலும், அது வரிசைக்குள்ளேதான் நிற்கிறது.

எனினும், இங்கே ஒரு மெய்யான இடர் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மகள் இளைப்பாற வேண்டித் தாயைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விடுகின்றாள். தாயோ, அறியாத இடத்தில் அறியாத முகங்களைக் கண்டு அழுகின்றார். ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் கண்ணீரால் வாங்கப்படுகிறதே, இது முறையா?

இதற்கு விடை காணக் கடமையின் தன்மையைச் சற்றே பகுத்து நோக்கவேண்டும். நீராட்டுதல், உணவூட்டுதல், வீழாமற் காத்தல், இரவில் விழித்திருத்தல் முதலியவை ஒருவர் செய்யாவிடின் மற்றொருவர் செய்யக்கூடியவை. தாயின் இளமைக் கதையை அறிந்த குரலாக இருப்பதும், அவர் முணுமுணுக்கும் தாலாட்டின் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பதும், அவர் கையைப் பற்றி அமர்ந்திருப்பதும் பிறரிடம் ஒப்படைக்க இயலாதவை. முன்னவற்றிலேயே தன் ஆற்றல் முழுவதையும் செலவிடும் மகளுக்குப் பின்னவற்றைச் செய்ய மனம் எஞ்சுவதில்லை. மகளாக இருக்க வேண்டியவள் காவலாளியாக மாறிவிடுகின்றாள். ஆகவே, ஒப்படைக்கக்கூடியதை ஒப்படைப்பது, ஒப்படைக்க இயலாததைக் காப்பதற்கு வழியாகும். நிலையத்தில் தாய் சிந்தும் கண்ணீர் பொருட்படுத்தத்தக்கதே. இடத்தைப் பழக்கவும், நேரத்தைக் குறைக்கவும், தகுந்தாரைத் தேடவும் அது நம்மைத் தூண்டவேண்டும். மகள் ஓய்வே கொள்ளலாகாது என்பதற்கு அது சான்றாகாது.

சினத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒரே கேள்வியை இருபதாம் முறை கேட்கும்போது சினம் எழுவது பாவமன்று. ஓங்கிய கை இறங்குவதே பாவம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நிலைநிறுத்துவது உறக்கமும் ஓய்வும் உதவியுமே. "இது என்று முடியுமோ" என்னும் எண்ணம் சிலரின் உள்ளத்தில் தோன்றுவதுண்டு. அவர்கள் தம்மைக் கொடியவரென்று கருதி வெதும்புகின்றனர். அந்த எண்ணம் தாயின் மீதுள்ள வெறுப்பு அன்று. இருவரின் துன்பமும் தீரவேண்டும் என்னும் ஏக்கம். அதை யாரிடமேனும் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் அதன் நஞ்சு நீங்கும்.

மூன்றாவது தடை ஊர்வாய். "பெற்ற தாயை யாரிடமோ விட்டுவிட்டாள்" என்று பேசுவோர், அந்த வீட்டில் ஓர் இரவேனும் விழித்திருந்தவர் அல்லர். 1980ஆம் ஆண்டில் ஸ்டீவன் சாரிட் என்பவரும் அவர்தம் துணைவரும் மறதி நோயாளரைக் காக்கும் 29 பேரிடம் அவர்கள் உணரும் சுமையைப் பற்றி வினவினர். சிறிய ஆய்வே எனினும் அதன் முடிவு சிந்திக்கத்தக்கது. சுமையின் அளவு, நோயாளியின் தொல்லைகள் எத்தனை என்பதைப் பொறுத்து அமையவில்லை. ஏனைய உறவினர் எத்தனை முறை வந்து பார்த்தனர் என்பதோடுதான் தொடர்புற்றிருந்தது. வந்து பார்ப்பவர் மிகுந்தால் சுமை குறைந்தது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பேணுவாரின் சுமையைக் குறைக்கும் மருந்து ஒவ்வோர் உறவினரிடமும் இருக்கிறது. பழித்துப் பேச எடுக்கும் நேரத்தில் ஒருமுறை சென்று அமர்ந்து வரலாம்.

ஆகவே, இவ்வினா தனி ஒருவரின் அறத்தோடு முடிவதில்லை. அது நீதியைப் பற்றிய வினாவும் ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, மறதி நோயாளரைக் காக்கும் நேரத்தில் 70 விழுக்காடு பெண்களால் தரப்படுவது. நான்கு மக்கள் உள்ள குடும்பத்திலும் சுமை பெரும்பாலும் மணமாகாத மகளின் மீதோ, உடன் வாழும் மருமகளின் மீதோ இறங்குகிறது. ஏனையோர் பண்டிகைக்குப் பழம் வாங்கி வருகின்றனர். தாய் மெலிந்துவிட்டதாகக் குறையும் கூறிச் செல்கின்றனர். சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதிய பெற்றோர் மக்களிடம் பொருளுதவி கோர வழி செய்தது. மக்கள் பலராயின் அத்தொகையைப் பங்கிடவும் கூடும். பணத்தைப் பங்கிடச் சட்டம் உண்டு. விழித்திருக்கும் இரவுகளைப் பங்கிடச் சட்டம் இல்லை. அதனை உடன்பிறப்புகளின் மனச்சான்றே செய்தாக வேண்டும்.

பல வீடுகளில் இச்சுமையின் பெரும்பகுதியை வெளிநாட்டுப் பணிப்பெண் தாங்குகின்றாள் என்பதையும் மறக்கலாகாது. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு முதல், மாதத்தில் ஒரு நாளேனும் ஊதியத்தால் ஈடுசெய்ய இயலாத ஓய்வுநாள் அவளுக்கு உரியதாயிற்று. அவளும் பேணுபவளே, அவள் களைப்பும் களைப்பே. கூலிக்குப் பணிபுரிபவளுக்கு ஓய்வு உரிமையென்று ஒப்புக்கொள்ளும் நாம், கூலியின்றிப் பணிபுரியும் மகளுக்கு மாதத்தில் ஒரு நாள் தர என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

உதவி நாடுவார்க்கு வழிகள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 1997ஆம் ஆண்டிலும் இந்நோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் துணைபுரியும் அமைப்புகள் தோன்றின. பகல் நிலையங்களும், பேணுவோர் கூடித் தம் துயரைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களும் இருக்கின்றன. ஆனால் தமிழ் மூதாட்டிக்கு அங்கும் ஓர் இடர் நேரலாம். நோய் முற்றுங்கால், பின்னாளில் கற்ற மொழிகள் மங்கித் தாய்மொழியே எஞ்சி நிற்பதைப் பலரிடம் காண்கிறோம். சந்தையில் பேசிய மலாய் போய், பேரனிடம் பேசிய ஆங்கிலம் போய், தமிழ் மட்டுமே நிற்கும்போது, அவர் குரலைப் புரிந்துகொள்ள யாருளர்?

இங்கேதான் தமிழாசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு மாணவர் அத்தகைய வீட்டுக்குச் சென்று, பழைய பாடல் ஒன்றைப் பாடலாம். நாளிதழைப் படித்துக் காட்டலாம். தோட்டத்து வாழ்வைப் பற்றிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம் மகள் உறங்கட்டும், அல்லது கடைத்தெருவில் நடந்துவிட்டு வரட்டும். பெற்றோரைப் பேணுதல் என்னும் தலைப்பில் நாம் எழுதச் சொல்லும் கட்டுரைகள் பெரும்பாலும் முதியோர் இல்லங்களைப் பழிப்பதோடு முடிகின்றன. அடுத்த முறை, "உன் வீட்டில் பாட்டியைக் காப்பவர் யார்? அவர் கடைசியாக ஓய்வெடுத்தது எப்போது?" என்னும் வினாக்களையும் சேர்த்துக் கொடுப்போமாக. விடை எழுத முற்படும் மாணவர், அன்று மாலை வீட்டிற்குச் சென்று தம் தாயின் முகத்தை ஒருமுறை உற்று நோக்குவார். அறக்கல்வி அங்கிருந்து தொடங்கட்டும்.