பூஜை அடுக்கில் கைபேசி

சரஸ்வதி பூஜையன்று மும்பையை அடுத்த கல்யாணின் தமிழ் வீடுகளிலும் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமிவரை யாரும் பிரிப்பதில்லை. அந்த அடுக்கில் கைபேசிக்கு இடமுண்டா?

புனிதம் தாளில் இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

தாள் எரியக்கூடியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன, ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாக ஒளிவருடி, எவரும் கைபேசியிலேயே இலவசமாகப் படிக்கத் தருகிறது.

ஓலை செல்லரிக்குமுன் படியெடுப்பதை முன்னோர் அறமாகக் கொண்டனர். சமணர் அதைச் சாஸ்திர தானமாகவே, அதாவது நூற்கொடையாகவே, செய்தனர். ஒளிவருடியின் கண்ணாடிமேல் பழுப்பேறிய ஏட்டை நொறுங்காமல் விரித்து வைக்கும் விரல்களும் அந்தத் தானத்தையே தொடர்கின்றன. அதனால், கைபேசிக்கும் ஒரு துளி குங்குமம் வைக்கலாம்.

விஜயதசமி காலையில் கல்யாண் சிறுமி ஒருத்தி அந்தக் கைபேசியில் யாழ்ப்பாணத்து நூலொன்றின் முதல் பக்கத்தைத் திறக்க முடியும்.