கேட்காமல் வந்த உதவி



பெரிய புராணத்தில் கண்ணப்ப நாயனார் வரலாறு நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்ததுதான். கண்ணை எடுத்து அப்பிய காட்சியைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அதற்கு முந்தின ஐந்து நாளைக் கொஞ்சம் பார்ப்போம்.

காளத்தி மலையில் சிவகோசரியார் ஆகம முறைப்படி நீராட்டி, பூவும் பச்சிலையும் சாத்திவிட்டுப் போவார். பிறகு திண்ணனார் வருவார். அந்தப் பூவைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டு, வாயில் கொண்டுவந்த நீரை உமிழ்ந்து, தலையில் செருகிய பூவைச் சூட்டி, சுவை பார்த்த இறைச்சியைப் படைப்பார். மறுநாள் சிவகோசரியார் பார்த்துப் பதறுவார்; சுத்தம் செய்து மறுபடி பூசிப்பார். ஒருவர் செய்ததை மற்றவர் கலைக்கிறார். இருவருக்கும் இறைவன்மேல் அன்புதான். ஆனால் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பொறியியல் படிக்கிற எனக்கு இது பழகிய கோளாறு. ஒரே தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள், ஒன்றுக்கொன்று தகவல் இல்லாமல் இருந்தால், ஒன்று திறக்கும், இன்னொன்று மூடும். இரண்டும் நல்ல கருவிதான். தொட்டிதான் நிலைக்கு வராது.

எங்கள் தாமான் வீட்டு வாசலிலும் இதே கதைதான். பூசைக்காகத் துளசி, செம்பருத்தி, அருகம்புல் வளர்க்கிறேன். காலையில் துளசிக்கு நான் தண்ணீர் ஊற்றுவேன். அப்புறம் அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுவார். சாயங்காலம் மழை. வேர் அழுகாமல் என்ன செய்யும்? சங்கடஹர சதுர்த்திக்கு முதல் நாள் தாத்தா அருகம்புல்லை வேரோடு பிடுங்கிவிட்டு, "புல்லு மண்டிப் போச்சுய்யா, சுத்தம் பண்ணிட்டேன்" என்றார்.

கோபம் வரத்தான் செய்யும். சிவகோசரியாருக்கும் வந்தது. அப்போது இறைவன் கனவில் என்ன சொன்னார்? திண்ணனாரை விரட்டச் சொல்லவில்லை. மறைந்திருந்து பார் என்றார். ஆறாம் நாள் அவர் பார்த்தார், புரிந்துகொண்டார்.

தாத்தா ரப்பர் தோட்டத்தில் களை வெட்டியவர். பால்மரத்தடியில் புல் தெரிந்தால் கங்காணி ஏசுவாராம். அந்தக் கைக்கு இது களை. எனக்குப் பூசைப் பொருள்.

புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது இல்லை. அடுத்த வாரம் தாத்தா களைக்கொல்லிப் போத்தலை எடுத்தார். "தாத்தா, இந்தத் துளசிய தீர்த்தத்துல போட்டுக் குடிக்கிறோம். மருந்து வேணாம்" என்றேன். போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எனக்கு என்னய்யா வேலை?" என்றார்.

அன்பர்களே, கேட்காமல் வரும் உதவிக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் செடி பிழைக்கும். பெரியவர் மனசு வாடும். காரணத்தைச் சொல்ல வேண்டும், கூடவே அவருக்கென்று ஒரு பங்கும் தர வேண்டும். ஒப்புக்குத் தரும் பங்கு அல்ல, அவருக்குக் கைவந்த வேலை.

செம்பருத்தி வேலியைக் கவாத்து செய்வது இப்போது தாத்தா பொறுப்பு. அருகம்புல்லையும் அவரே திரும்ப நட்டார்: "கணு ஒன்னு இருந்தாப் போதும், துளிர்த்துடும். எத்தன வெட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" நானும் அம்மாவும் மண்ணில் விரல் விட்டுப் பார்க்கிறோம், ஈரமிருந்தால் ஊற்றுவதில்லை.

வீட்டிலும் கோயில் தொண்டிலும் நம் வேலைக்குள் யாராவது கை வைத்தால், முதலில் பார்ப்போம். பிறகு பேசுவோம்.

திருச்சிற்றம்பலம்.