மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள்

சென்னையை அடுத்த சிறுசேரிப் பக்கம் மொட்டைமாடியில் சோலார் பேனல் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை யூனிட் வரும், போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதைத்தான். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. புயலுக்கு நிற்குமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. கேட்டாலும், "தளம் கனம் தாங்கும் சார்" என்று பதில் வந்துவிடுகிறது.

கனம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு சதுர மீட்டர் பேனல் ஏறத்தாழ 25 கிலோதான். சாய்த்து வைத்த பேனலுக்கு அடியில் காற்று புகுந்தால் அதை மேலே தூக்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்போது வீசியது போன்ற மணிக்கு 110 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ அழுத்தம் தரும். சென்னைக் கட்டடங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமோ 180 கிலோமீட்டர்; அப்போது அழுத்தம் 150 கிலோ.

அதனால்தான் பேனலை ஏற்றும் முன்பே அதன் சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்களில் சிலவற்றைச் சிறிய ஹைட்ராலிக் ஜாக்கியால் மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். வரக்கூடிய விசையைவிடக் கூடுதலாக இழுத்து, சில நிமிடங்கள் நிறுத்தி, போல்ட் நகர்கிறதா என்று கவனிக்க வேண்டும். தட்டோட்டையும் சுருக்கியையும் மட்டும் துளைத்து, கான்கிரீட்டைத் தொடாமலே நின்றுவிட்ட போல்ட் அங்கே அகப்பட்டுவிடும். ஸ்பேனரால் முறுக்கும்போது அதுவும் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். கடற்கரை அருகிலேயே இருப்பதால் உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடிக்கும். அதிர்வில் நட்டு தளரும். ஆகவே ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் கிளாம்ப் முதல் போல்ட் வரை மறுபடி பார்ப்பது அவசியம்.

சோதிக்கச் சொன்னால் வேலை செய்தவர் மனம் வருந்தக்கூடும். ஆனால் நல்ல வேலைக்காரரின் உழைப்புக்குச் சோதனையைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. அவர் போட்ட போல்ட்டையும் அரைகுறையாகப் போட்டதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, இழுத்தால்தான் தெரியும்.

பிய்த்துக்கொண்டு பறக்கும் பேனல், வைத்தவர் வீட்டில்தான் விழும் என்பதில்லை. பக்கத்துக் கூரைமீதோ தெருவில் போகிறவர்மீதோ விழலாம். விலை பேசும்போது அவர்கள் அங்கே இல்லை. மானியத்திலும் மின்சாரத்திலும் அவர்களுக்குப் பங்கில்லை. ஆபத்தில் மட்டும் பங்கு உண்டு. உயரத்தில் ஒன்றை நிறுத்துகிறவர், கீழே இருக்கும் முகம் தெரியாதவர்களின் உயிருக்குப் பிணை நிற்கிறார். அந்தப் பிணையை வாய்ச்சொல்லால் கொடுக்க முடியாது. புயல் இழுப்பதற்கு முன் நாமே இழுத்துப் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.