சாய்த்து வெட்டினாலும் அதே கன அளவு

கீழே ஒரு பரப்பு, மேலே ஒரு பரப்பு. நடுவே அடைபட்ட இடத்தின் கன அளவு வேண்டும். அந்த இடத்தை நெட்டுக்குத்தான மெல்லிய தூண்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு தூணின் உயரமும் மேல் பரப்பின் உயரத்திலிருந்து கீழ்ப் பரப்பின் உயரத்தைக் கழித்தது. தூண்கள் நிற்கும் தரைப்பகுதி, உச்சி வெயிலில் அந்த உரு தரையில் போடும் நிழல். நிழல் முழுக்கத் தூண்களைக் கூட்டுவதுதான் இரட்டைத் தொகையீடு. கூட்டுவது பெரும்பாலும் கைவேலை; தலைவலி நிழலில்தான்.

கீழே கிண்ணம் போன்ற பரவளையத் திண்மம் இருக்கட்டும்: உயரம் = எக்ஸ்² + ஒய்². மேலே சாய்ந்த தளம்: உயரம் = 2எக்ஸ். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் உயரங்கள் சமம் என்பதால் எக்ஸ்² + ஒய்² = 2எக்ஸ். வர்க்கத்தை நிறைவு செய்தால் (எக்ஸ் − 1)² + ஒய்² = 1. விளிம்பு சாய்ந்த நீள்வட்டம். அதன் நிழலோ அச்சு அசலான வட்டம். ஆரம் 1, மையம் (1, 0). பரவளையத் திண்மத்தைக் கண்டதும் ஆதிப்புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

நிழலுக்குள் எது மேலே? மையத்தில் தளத்தின் உயரம் 2, கிண்ணத்தின் உயரம் 1. ஆக, தூணின் உயரம் 2எக்ஸ் − எக்ஸ்² − ஒய்². இதையே 1 − [(எக்ஸ் − 1)² + ஒய்²] என்று எழுதலாம். மையத்திலிருந்து உள்ள தூரத்தை 'த' என்றால், வெறும் 1 − த². சாய்வு இருந்த சுவடே இல்லை!

இனி துருவ ஆயங்கள். தூரம் 'த'வில் இருக்கும் வளையத்தின் சுற்றளவு 2பை × த. மாணவர்கள் அடிக்கடி எழுத மறக்கும் அந்தக் கூடுதல் 'த' இதிலிருந்துதான் வருகிறது. (1 − த²) × தவை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1/2 − 1/4, அதாவது 1/4. 2பையால் பெருக்கினால் கன அளவு பை/2.

கிண்ணத்தை 1 அலகு உயரத்தில் கிடைமட்டமாக வெட்டினாலும் இதே பை/2தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் இதை நிறுவிவிட்டார்: பரவளையத் திண்மத்தை எப்படிச் சாய்த்து வெட்டினாலும், வெட்டுண்ட துண்டுகளின் அச்சு நீளங்கள் சமமானால் கன அளவுகளும் சமம். நம் துண்டின் அச்சு, வட்ட மையத்துக்கு நேர் மேலே கிண்ணத்திலிருந்து தளம் வரை செல்லும் கோடு, நீளம் 1. தளத்தை இன்னும் செங்குத்தாக்கி, உயரம் = 6எக்ஸ் − 8 என்று வைத்துப் பாருங்கள். நிழல் (3, 0)க்கு நகர்ந்துவிடும். அச்சு நீளம் 1, கன அளவு அதே பை/2.