நம்மவர் யார்?



கலியாண வீட்டில் பந்தி நடக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். "யாரப்பா அது?" என்று உள்ளிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார். "நம்மவர்தான், பெரியப்பா" என்று யாரோ சொல்லுகிறார். உடனே இலை போடப்படுகிறது.

"நம்மவர்" என்ற சொல்லில் எவ்வளவு இனிமை! ஆனால் அதே சொல்லில் ஒரு கடுமையும் மறைந்திருக்கிறது. சிலரை நம்மவர் என்று சொல்லும்போதே, வேறு சிலரை நம்மவர் அல்லர் என்றும் சொல்லிவிடுகிறோம் அன்றோ? அப்படியானால், தன் குடும்பத்தையும் தன் கூட்டத்தையும் நேசிப்பது குற்றமா? இந்தக் கேள்வியை இன்று சற்று ஆராய்வோம்.

முதலாவது, கூட்டம் இல்லாமல் மனிதன் இல்லை. நாம் பேசும் பேச்சு, உண்ணும் முறை, எதற்கு வெட்கப்படுவது, எதற்குப் பெருமைப்படுவது என்பதையெல்லாம் நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டாரும் ஊராரும் ஊட்டினார்கள். நாம் உண்டு வளர்ந்தோம். "நீ யார்?" என்று கேட்டால் இன்னார் மகன், இன்ன ஊர்க்காரன் என்றுதான் நமக்குப் பதில் வருகிறது. நோயில் தலைமாட்டில் இருப்பவர்களும், சாவு வீட்டில் பாடை தூக்குகிறவர்களும் அந்தக் கூட்டத்தார்தான். ஆகையால் குடும்பப் பாசமும் ஊர்ப் பற்றும் சங்கப் பற்றும் தம்மிலே தீயவை அல்ல. அவை பெரிய கொடைகள்.

இரண்டாவது, கூட்டத்துக்கு நம் கண்ணையும் நாவையும் கட்டிப்போடும் வல்லமை உண்டு. 1951-ல் அமெரிக்காவில் ஸோலமன் ஆஷ் என்னும் மனநூல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று ஓர் அறையில் இருந்தவர்களைக் கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அங்கே ஒருவனைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்படுத்திய ஆட்கள். அவர்கள் சில முறை வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். தனித்து விடப்பட்டவன் என்ன செய்தான்? இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கண் ஒன்றைக் கண்டது. வாய் வேறொன்றைச் சொன்னது!

நமக்கு இது புதிய செய்தியன்று. கெத்சமனித் தோப்பிலே வாளை உருவிய அர்ச். இராயப்பர், சில நாழிகைக்குள் தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்பண்டை நின்று, அவரை அறியேன் என்று மறுதலித்தார். ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கா அவர் பயந்தார்? அந்த நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் நடுவே தாம் ஒருவர் மட்டும் அந்நியராக நிற்க அஞ்சினார். குளிர் காய இடம் வேண்டியிருந்தது.

மூன்றாவது, கூட்டத்தைச் சுற்றி வேலி எழும்ப வெகு காலம் வேண்டியதில்லை. 1954-ல் முஸாபர் ஷெரீப் என்னும் அறிஞர், ஒக்லஹோமா மாகாணத்திலே ஒரு கோடை முகாமுக்கு ஏறக்குறைய 11 வயதுள்ள 22 சிறுவர்களை அழைத்துப் போனார். எல்லாரும் ஒரே நிறத்தினர், ஒரே தரத்துக் குடும்பத்தினர், முன்பின் பகையில்லாதவர்கள். அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு வாரம் வரை ஒருவரையொருவர் அறியாமல் வைத்தார். ஒரு கூட்டம் தனக்குக் "கழுகுகள்" என்று பேர் வைத்துக்கொண்டது. மற்றது ஒரு பாம்பின் பேரை வைத்துக்கொண்டது. பிறகு பந்தயங்கள் நடந்தன. அவ்வளவுதான்! வசைமொழி பறந்தது, கொடிகள் கொளுத்தப்பட்டன, ஒருவர் குடிசையை மற்றவர் சூறையாடினர்.

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாரும் சமம் என்று, ஜாதி பாராட்டாமல் பழகியதற்காகவும் துன்புற்ற அவரை, 2022 மே 15-ல் திருச்சபை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தது. ஆனால் அதே வடக்கன்குளத்தில் 1872-ல் எழும்பிய கோவில் எப்படி இருந்தது தெரியுமா? கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள். இரண்டும் சேருமிடத்தில் ஒரே பீடம். ஒரு ஜாதியார் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். இருவரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

அங்கே முழந்தாளிட்டவர்களெல்லாம் கொடியவர்களா? அல்லர். தகப்பன் எந்த வாசலால் போனானோ, மகனும் அந்த வாசலால் போனான். ஜெபம் கற்கும் முன்னே தன் வாசல் எது என்று பிள்ளை கற்றுக்கொண்டது. 1910-ல் அந்தப் பிரிவினை அகற்றப்பட்டபோது, இது எங்கள் நெடுநாள் உரிமை என்று சிலர் வழக்காடினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் அது செல்லவில்லை. கோவிலில் சுவர் போயிற்று. ஆனால் செத்தவர்களுக்கும் சுவர் வைத்த கல்லறைத் தோட்டங்கள் நம் நாட்டில் சில இடங்களில் பிறகும் நின்றன. ஒரே பீடம் போதும், மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்று நாம் இருந்துவிட முடியாது.

"அப்படியானால் எங்கள் வழக்கங்களையும் உறவையும் விட்டுவிட வேண்டுமா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வேண்டாம். வீட்டுக்குச் சுவர் வேண்டும். ஆனால் வாசல் இல்லாத சுவருக்கு வீடு என்று பேர் இல்லை. தன் கூட்டத்தாரை நேசிப்பது ஒன்று. பிறனைத் தாழ்த்தினால்தான் நமக்குப் பெருமை என்பது வேறு. முதலாவது அன்பு, இரண்டாவது அன்பின் வேஷம் போட்ட அகங்காரம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நம் கூட்டம் கூடியிருக்கும்போது இல்லாதவரைப் பற்றி என்ன பேசுகிறது? புதிதாக வந்தவரை எங்கே உட்கார வைக்கிறது? அங்கே நம் அன்பின் தரம் தெரிந்துவிடும்.

பரிகாரம் யாது? மேற்சொன்ன இரண்டு சோதனைகளிலேயே அதுவும் இருக்கிறது.

ஆஷ் செய்த சோதனையில், அத்தனை பேர் நடுவே ஒரேயொருவர் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னபோது, தனித்திருந்தவன் கூட்டத்துக்கு இணங்கியது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரு குரல் போதும்! திண்ணைப் பேச்சில் ஒரு குடும்பத்தை இழிவாகப் பேசும்போது, "அப்படிச் சொல்லாதே அண்ணே" என்று ஒருவர் சொன்னால், மனதுக்குள் அதையே நினைத்து மௌனமாயிருந்த வேறு பலருக்கும் தைரியம் பிறக்கும்.

ஷெரீப்பின் முகாமில் வெறும் விருந்து பகையைத் தீர்க்கவில்லை. ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தபோது, உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். பிறகு தண்ணீர்க் குழாய் அடைபட்டது. எல்லாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. மற்றொரு நாள் உணவு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை. ஷெரீப்பே ஏற்படுத்திய இடைஞ்சல்கள்தான் இவை. முன்பு எதிரெதிராக நின்று வடம் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு கூட்டத்தாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில நாள் பாடுபட்டபின் பகை மெல்லத் தணிந்தது. ஊர் திரும்பும் வழியில் ஒரு கூட்டம் தான் வென்ற 5 டாலரைச் செலவிட்டு எல்லாருக்கும் பால் பானம் வாங்கிக் கொடுத்தது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது வீண்போகவில்லை. ஆனால் நம் தேர்வடத்தைத் தொட எல்லாருக்கும் இடம் உண்டா? திருநாள் கமிட்டியிலே, பாடகர் குழுவிலே, மரியாயின் சேனையிலே எந்தத் தெருவாரின் பேர் ஒருபோதும் வருவதில்லை? நன்கொடைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறோம், யோசனைக்கு அழைக்கிறோமா?

ஆகவே, குடும்பத்தாரே, இந்த வாரம் பெரிய காரியம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோவில் முற்றத்தில் நின்று பேசும்போது, யாரோடும் சேராமல் நேரே வீட்டுக்கு நடப்பவர் ஒருவர் இருப்பார். அவர் பேர் நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த வாசலால் போவது என்று அவர்கள் நம்மைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்ளுகிறார்கள்!